பனங்கற்கண்டு டப்பா

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இரண்டு குரல்கள். வீட்டில் பெரியப்பா தண்ணீர் கேட்டால் கதவு அதிரும். மேடையேறிவிட்டால் சினிமாவில் பாடுகிறவரைப் போலவே குழைவார். அம்மா என்னைத் திட்டும் குரலுக்கும் மைக்கில் பாடும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு மட்டும் இரண்டுமே கிடையாது. அவர் கீபோர்டு வாசிப்பவர். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான், ‘ஆங்’ என்ற ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தினார்.

பாட்டுக் கச்சேரிக் குழு பெரியப்பாவுடையது. கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், பாடுவதற்குப் பெரியப்பாவும் அம்மாவும். திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மலைமேல் தாலி கட்டிவிட்டு இறங்கிவரும் கூட்டம் அடிவாரத்து மண்டபங்களை நிறைத்துவிடும். அதில் பாதிப்பேர் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதனால் ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு தெலுங்குப் பாட்டு என்று மாற்றி மாற்றிப் பாடியாக வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு முன்பே சம்பந்திச் சண்டை வந்துவிடும்.

“சினிமால கேட்ட மாதிரியே இருக்கணும்” என்பது பெரியப்பாவின் மந்திரம். ஒரு இருமல் பாட்டில் இருந்தால் அந்த இருமலும் வேண்டும். சுருதியும் அப்படித்தான். படத்தில் எந்தச் சுருதியில் பாடியிருக்கிறார்களோ அதில் அரைக் கட்டை கூட இறக்கக்கூடாது. இறக்கிப் பாடும் குழுக்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் ஊசிப்போன சாம்பாரை முகர்ந்தது போல ஆகிவிடும்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அது. அம்மா பகலில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு வேண்டுமா என்பதற்கு ஒரு கையசைப்பு, படி என்பதற்கு ஒரு முறைப்பு. முருகனுக்கு மௌன விரதம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். மலை இருக்கிற ஊரில் விரதத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. திட்டு விழாத வீடு எனக்கும் சௌகரியமாகவே இருந்தது. விரதம் ஆயுசுக்கும் நீடிக்கட்டும் என்று நானே ஒருமுறை வேண்டிக்கொண்டேன்.

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். அதில் பனங்கற்கண்டும் நாலைந்து மிளகும். பாடுவதற்கு முன்னால் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். நான் எவ்வளவு கெஞ்சினாலும் தரமாட்டாள். அந்த வருடம் பாட்டுக்குப் பாட்டு டப்பா திறந்து மூடும் சத்தம் கேட்டது.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் என்னையும் கச்சேரிக்குக் கூட்டிப்போவார்கள். மேடையோரத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எனக்கு. அங்கிருந்து பார்த்தால் நைனாவின் கை தெரியும். அம்மாவின் பாட்டு வரும்போதெல்லாம் கீபோர்டின் ஓரத்திலிருந்த ஒரு பட்டனை மெதுவாக இரண்டு மூன்று தரம் அமுக்குவார். பிறகு அம்மாவைப் பார்ப்பார். அம்மா கண்ணை ஒருதரம் மூடித் திறப்பாள். பாட்டு தொடங்கும். தொட்டுக் கும்பிடுகிற மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். பாட்டு முடிந்ததும் பட்டனைப் பழையபடி மாற்றிவிடுவார்.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தபேலாக்காரர் சிரித்துக்கொண்டே தன் சுத்தியலால் தபேலாவைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கலாம், சொல்லவில்லை. பெரியப்பாவோ, ஜோடிப் பாட்டுகளில் தனக்கு மேல்ஸ்தாயி இந்த வருடம் வெண்ணெயாக வருகிறது என்றும், எல்லாம் காலையில் குடிக்கும் இஞ்சித் தண்ணீர் செய்யும் வேலை என்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டை, பெண் வீடு நகரி. மாலை வரவேற்புக்குப் பாட்டுக் கச்சேரி. பெரிய இடம் என்பதால் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் அரக்கோணத்திலிருந்து ஒரு புல்லாங்குழல்காரரை வரச் சொல்லியிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வாசிப்பவர். ரயில் தாமதம். நாங்கள் இரண்டு பாட்டு முடித்த பிறகு அவர் குழல்கள் வைத்த நீளப் பையோடு நேராக மேடையில் ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குழல் வைத்திருந்தார். எந்தப் பாட்டுக்கு எந்தக் குழல் என்று யாரையும் கேட்கவில்லை. அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

அடுத்தது அம்மாவின் தனிப்பாட்டு. அந்த வருடம் எல்லாக் கல்யாணத்திலும் கேட்டது. சரணத்தில் ஒரு வரி மேலே போய் அங்கேயே நின்றுவிட்டுத்தான் இறங்கும். நைனா பட்டனை அமுக்கினார். அம்மாவைப் பார்த்தார். வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது அடியில் புல்லாங்குழல் சேர்ந்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் மேடையில் கேட்டதில்லை. குழல் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். முன்வரிசையில் பந்திக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டு நின்றது. குழல்காரர் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்து, “சரியான குழல்தாங்க. படத்துல இந்தச் சுருதிதான்” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

பெரியப்பா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு நைனாவைப் பார்த்து, “இன்னாடா பண்ணிக்கினு இருக்கற?” என்றார்.

வேறு குழலை எடுங்கள் என்று நைனா சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலை மேடையில் வைத்துச் சொல்ல வேண்டும். திருவள்ளூர்ப் பக்கம் நன்றாகப் பாடுகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று பெரியப்பா ஏற்கெனவே இரண்டு தரம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மைக்கைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதன் மேலும் ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

“என் தப்புதாண்ணா. பட்டன்ல கை பட்டுடிச்சு” என்றார் நைனா. அவர் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பட்டனைப் பழையபடி ஏற்றினார். இந்தமுறை அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. எல்லார் முன்னாலும் தப்பு வாசிக்கிற அப்பா எனக்கு வாய்த்திருக்கிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு மறுபடி தொடங்கியது. பல்லவியை அம்மா பாடிவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் புல்லாங்குழல் நீளமாகப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா மேடையைச் சுற்றிப் பார்த்தாள். நைனாவை, தபேலாக்காரரை, கடைசியில் திரைப்பக்கம் என்னை. விரலால் கூப்பிட்டாள். ஓடினேன். மைக்கை மூடிக்கொண்டு குனிந்து, “பாப்பா, மேல போற வரிய நீ பாடறியா?” என்றாள். அந்தக் குரல் காய்ந்த தேங்காயைத் துருவுகிற மாதிரி இருந்தது. விரதத்தில் இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும். சரணத்தின் முதல் வரிகளை அம்மா பாடினாள். பிறகு மைக் என் வாய்க்கு வந்தது. நான் பாடினேன். மேலே போனேன், நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், இறங்கினேன். எனக்கு அது ஒரு கஷ்டமாகவே படவில்லை. மண்டபமே கைதட்டியது. மணப்பெண்ணின் அத்தை மேடைக்கு வந்து தன் தலையிலிருந்த மல்லிகையைப் பாதி பிய்த்து எனக்கு வைத்துவிட்டாள். “பிட்ட எந்த பாக பாடிந்தி! பிள்ள என்னமா பாடிச்சு!” என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக் கன்னத்தை வழித்தாள். பெரியப்பா மைக்கில் என்னை அறிமுகப்படுத்தி, இதெல்லாம் தான் முன்பே திட்டமிட்டது போலப் பேசினார். அம்மா கைதட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நைனா மட்டும் தலை நிமிரவில்லை. கச்சேரி முடிந்து கீபோர்டை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், “நைனா, நல்லா பாடினேனா?” என்று கேட்டேன். “ஆங்” என்றார். யாரோ ஒரு அத்தை மல்லிகைப் பூவே வைத்துவிட்டாள், பெற்ற அப்பாவுக்கு ஒரு வார்த்தை வரவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது நான் கோபத்தில் முன்னால் போனேன். பின்னால் நைனாவின் குரல் கேட்டது. “அந்தக் கொழல்காரரு பக்கத்துல வந்து குந்தும்போதே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

“வுடுங்க” என்றாள் அம்மா. “எத்தினி நாளைக்குத்தான் எறக்கிக்கினே இருப்பீங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நைனாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கீபோர்டு தூக்கிக் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பாட்டு எனக்கு என்ன தருவார்கள் என்பதுதான் அப்போது என் யோசனையெல்லாம்.

அம்மாவின் தொண்டைக்குள் கட்டி வளர்ந்திருந்ததையும், பாடவே கூடாது என்று சென்னையில் டாக்டர் சொல்லிவிட்டதையும், நைனா அந்தப் பட்டனால் சுருதியை இறக்கி இறக்கியே ஒரு வருடத்தை அவளுக்காக இழுத்துப் பிடித்திருந்ததையும் நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடங்கள் ஆயின. அந்த வரவேற்புக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே நான் மைக்கின் முன்னால் நின்றேன். திரையோரத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் காலை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பள்ளிக்கூடப் பையில் எவர்சில்வர் டப்பா இருந்தது, நிறைய பனங்கற்கண்டோடு. நன்றாகப் பாடியதற்குப் பரிசு என்று நினைத்தேன். மிளகைத் துப்பிவிட்டு, சிநேகிதிகளுக்கும் கொடுத்து, ஒரே நாளில் தின்று தீர்த்தேன். சாயந்திரம் காலி டப்பாவை நீட்டி, “தீந்து போச்சும்மா” என்றேன். எப்போதும் ஒரு துண்டுக்கே முறைப்பவள், அன்று டப்பாவை வாங்கி, நிரப்பி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். உனக்கு ஒன்று வேண்டாமா என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.