ஏழாம் நம்பரைச் சொன்னது யார்

எங்கள் தீவில் ஆறு பார்க்க வேண்டும் என்று மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் கேட்டால், காடிக்குத்தான் கூட்டிப்போவோம். கடல் காட்டுக்குள் புகுந்து, ஆறு மாதிரி வளைந்து வளைந்து உள்ளே போகிற இடத்துக்குக் காடி என்று பெயர். ஹிந்திக்காரர்கள் வைத்த பெயர்தான், தமிழன், தெலுங்கன், பெங்காலி எல்லாருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. காலையில் தண்ணீர் கரை முட்ட நிற்கும். மத்தியானம் போனால் வெறும் சேறு.

எழுபதுகளின் தொடக்கம். மதுரையில் பி.ஏ. ஹிஸ்டரி முடித்துவிட்டுத் திரும்பி வந்து, போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன், மிஷின் முன்னால் உட்கார்ந்தால் பட்டாசு வெடிப்பதுபோல் டைப் அடிப்பேன். வாயும் அதே ஸ்பீடுதான். மூன்று வருஷம் காலேஜில் படித்ததால் இந்த ஊரில் எனக்குத் தெரியாததே இல்லை என்று ஒரு நினைப்பு.

மின்னி பே டீக்கடையில் பழக்கமானவர் அந்தப் படகுக்காரர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக ஒரு மோட்டார் போட் வைத்து விறகும் மணலும் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலை குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெயின்லேண்ட் ஆட்களை ஏற்றிப்போய்க் காடியையும், அதன் வாய்ப்பக்கம் யுத்தத்தின்போது தீவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் கட்டிய பங்கரையும் சுற்றிக்காட்டப் பர்மிட் கேட்டு எங்கள் ஆபீஸில் மனுப் போட்டிருந்தார். கிடைக்காவிட்டால் போட்டை விற்றுவிட்டு ரங்கத் பக்கம் ரோடு வேலைக்குப் போவதாகத் திட்டம்.

"போயிருவேன் தம்பி. அவதான் வரமாட்டேங்கிறா. இந்தக் காடிய விட்டு ஒரு அடி நகர மாட்டா" என்றார் ஒருநாள்.

அவ என்றது அவர் மனைவியை. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டு பாஷை ஹிந்தி, புருஷனிடம் கற்றுக்கொண்டது தமிழ். அண்ணன் பெண்டாட்டியை இங்கே எல்லாரும் பாபி என்பதால் நானும் பாபி என்றுதான் கூப்பிடுவேன்.

மனுவை விசாரிக்க வேண்டிய ஆபீஸர் தஞ்சாவூர்க்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். தன் மனைவியையும் அழைத்துக்கொண்டார். குறிப்பு எடுக்க நான்.

மின்னி பேயில் ஏறும்போது படகு ஆடியது. ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றிய பாபி, ஒவ்வொருவருக்கும் வாய்க்குள் ஒரு வார்த்தை முணுமுணுத்தார். இச்சி. நி. சான். மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள் பேசுகிற பாஷையாக இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் போய் உட்கார்ந்து, தகர டப்பாவால் படகில் ஊறும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தார்.

படகுக்காரர் அன்று பிரமாதமாகப் பேசினார். காடிக்குள் நுழைந்ததும் எஞ்சினைக் குறைத்தார். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் முட்டி மடக்கி நிற்பதுபோல் வேரை ஊன்றி நின்றன. சேற்றுச் சரிவில் மூட்டையை இழுத்துப்போன மாதிரி வழவழப்பான ஒரு தடம்.

"அந்தத் தடம் தெரியுதா சாப்? இப்பத்தான் இறங்கிருக்கான். ஈரம் காயல."

"யாரு?" என்றார் ஆபீஸரின் மனைவி.

"முதலைம்மா."

அந்த அம்மாள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்த வேகத்தில் ஆபீஸர் சட்டை நனைந்தது.

பெங்காலிப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் வலை தள்ளிக்கொண்டிருந்தார்கள். "முதலை இருக்குன்னீங்க?" என்று ஆபீஸர் கேட்டார். "இருக்கு சாப். அவங்களுக்கும் தெரியும், அதுக்கும் தெரியும்" என்றார் படகுக்காரர். ஆபீஸர் சிரித்துவிட்டார். பர்மிட் பாதி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது வாய்ப்பக்கம் படகைக் கட்டிவிட்டுப் பங்கருக்கு ஏறினோம். தடித்த சிமெண்டுப் பெட்டி, தண்ணீரைப் பார்த்து ஒரு நீளமான ஓட்டை, உள்ளே ஆட்டுப்புழுக்கை. குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாபியும் வந்து, வாசலுக்கு வெளியே நின்றார்.

படகுக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இதைக் கட்டினது நாங்கதான் சாப். சின்னப் பிள்ளைங்க, பொம்பளைங்க, எல்லாரையும் பிடிச்சுட்டு வந்து மண்ணு சுமக்க வச்சான். பத்துப் பத்துப் பேரா வரிசை. காலையில ஒருக்கா எண்ணுவான், சாயங்காலம் ஒருக்கா எண்ணுவான். நம்ம நம்பர நாமளே ஜப்பான் பாஷையில கத்திச் சொல்லணும். என் நம்பர் ஏழு. ஷிச்சி! பக்கத்துல எட்டு, என் சேக்காளி. ஒருநாள் சாயங்காலம், மழை. நான் ஷிச்சின்னு கத்துறேன். அடுத்து சத்தம் இல்ல. திரும்பிப் பார்த்தா எட்டு இல்ல. பசி தாங்காம காடிக்குள்ள நண்டு பிடிக்கப் போயிருக்கான்."

அங்கே நிறுத்தினார். ஆபீஸரின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நானோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்தபிறகு கப்பலில் நாலு நாள் வாந்தியெடுத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கிய கதையை இதே மனிதர் டீக்கடையில் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"அண்ணே, ஜப்பான்காரன் இங்க இருந்தப்ப நீங்க ராமநாதபுரத்துல இல்ல இருந்தீங்க? மண்ணு சுமக்க உங்களைத் தபால்ல கூப்பிட்டானா?"

என் ஜோக்குக்கு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஆபீஸர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "என்னய்யா இது? அப்ப இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் கப்ஸாவா? வர்றவங்ககிட்ட இப்படிப் புளுகத்தான் கவர்மென்ட் பர்மிட் வேணுமா?"

படகுக்காரரின் வெயிலில் கறுத்த முகம் வெளிறியதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்து, "வேணாம், நீ போட்டுக்குப் போ" என்றார்.

பாபி குடத்தை இறக்கி வைத்தார்.

"கப்ஸா இல்ல சாப். அவரு பாத்மே, பின்னாடிதான் வந்தாரு, கப்பல்ல. நம்பர் ஏழு நான். எட்டு என் பையா, கூடப் பொறந்தவன். எனக்கு ஒம்பது வயசு, அவனுக்குப் பதினொண்ணு."

சந்தையில் மீன் விலை சொல்கிற குரல்தான். ஆனால் ஒரு கை பங்கர்ச் சுவரைப் பிடித்திருந்தது.

"சிப்பாய் மறுபடியும் எண்ணச் சொன்னான். நான் ஷிச்சி சொன்னேன். சத்தம் இல்ல. மறுபடியும் சொன்னான். அப்ப நான் ஷிச்சி சொல்லிட்டு, குரல மாத்தி, எட்டுக்கு ஹாச்சியும் நானே சொல்லிட்டேன். பையாவக் காப்பாத்தலாம்னு. ஒம்பது வயசு, அக்கல் இல்ல. சிப்பாய் கிட்ட வந்து பார்த்தான். சிப்பாய்ங்க எல்லாரும் காடிக்குள்ள டார்ச் எடுத்துட்டுப் போனாங்க. நான் சும்மா இருந்திருந்தா, மழைன்னு விட்டிருப்பானோ என்னவோ."

"அப்புறம்?" என்றார் ஆபீஸரின் மனைவி, மெதுவாக.

"அப்புறம் எங்க வரிசைல ஒம்பது பேர்."

குடத்தைத் தூக்கி, டம்ளரில் ஊற்றி, முதலில் அந்த அம்மாளுக்குக் கொடுத்தார். "பானி பீஜியே. வெயில்."

படகுக்காரர் சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். "ஹாச்சி சொன்னத எங்கிட்ட சொன்னதே இல்லியே" என்றார். பாபி அடுத்த டம்ளரை ஆபீஸரிடம் நீட்டினார்.

தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கரையில் ஒரு மரத்தடியில் பாபி எங்களுக்கு இலை போட்டார். சோறு, சூரை மீன் குழம்பு, வறுத்த இறால். ஆபீஸர் இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினார். கோபமெல்லாம் போய், ஒருவித மரியாதை வந்திருந்தது அவருக்கு.

"பர்மிட்டுக்கு நான் எழுதிடறேன். ஆனா ஒரு கண்டிஷன். பங்கர் கதைய இந்த அம்மாவே சொல்லணும். நேர்ல பட்டவங்க சொல்றது வேற இல்லையா?"

"ஆமா, அப்படித்தான் இருக்கணும்" என்றார் அவர் மனைவி. "எங்க அக்கா பொங்கலுக்கு வர்றா. அவளும் கேட்கணும் இதை."

நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பாபி கரண்டியோடு நின்றபடி, "ஜி சாப்" என்றார். படகுக்காரரும் "சரி சாப்" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே.

கிளம்புவதற்கு முன்னால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"அண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன். அவங்க கதைன்னு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே? ஏன் உங்க கதையாச் சொல்றீங்க?"

"பொண்டாட்டி கதைன்னா வர்றவன் என்னய விட்டுட்டு அவகிட்டல்ல போய்க் கேப்பான்?" எண்ணெய்த் துணியை உதறினார். "அவ சொன்னா அன்னைக்குப் பூரா சோறு எறங்காது தம்பி. கல்யாணமான புதுசுல ஒருதரம் சொன்னா, ரெண்டு நாள் பட்டினி. நான் சொன்னா எனக்குப் பசிதான் எடுக்கும். அதான் நான் சொல்றேன்."

"அவங்க ஏன் இந்தக் காடிய விட்டு வரமாட்டேங்கிறாங்க?"

"பையா இங்கதானே போனான்" என்றார், இது கூடவா தெரியாது என்பதுபோல.

படகில் ஏறும்போது பாபி மறுபடி எண்ணினார். இச்சி, நி, சான். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. பின்னால், தகர டப்பாவுக்குப் பக்கத்தில், அவருடைய சாப்பாட்டு டிபன் இருந்தது. மேலே சுற்றிய துணியின் முடிச்சு கட்டியது கட்டியபடி. மின்னி பே வரும்வரை அதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அவிழவில்லை.

மறுநாள் ஆபீஸர் பர்மிட் ஆர்டரை வாசிக்க வாசிக்க நான் ஷார்ட்ஹேண்டில் எடுத்தேன். ஐந்து கண்டிஷன். எத்தனை பேர் ஏற்றலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், மிதவை வளையம் வைத்திருக்க வேண்டும் என்று நாலு. ஐந்தாவது, பங்கரின் வரலாற்றை உரிமையாளரின் மனைவியே விளக்க வேண்டும்.

மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். நாலு கண்டிஷன் வழக்கமான ஸ்பீடில் ஓடியது. ஐந்தில் விரல் நின்றது. கதையைப் பொய்யென்று கண்டுபிடித்துச் சொன்ன புத்திசாலி நான். அதனால்தான் ஒரு பெண் இனிமேல் வாராவாரம் பட்டினி கிடக்கப்போகிறார். தாளை உருவினேன். நாலோடு முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, கொண்டுபோய் வைத்தேன்.

ஆபீஸர் பேனாவைத் திறந்தார். படித்தார். மூடினார்.

"ஒண்ணு விட்டுப்போச்சே."

"விட்டுப்போகல சார். விட்டுட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆபீஸில் என் வேலை அன்றோடு சரி என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன்.

"நேத்து அவங்க சாப்பிடல சார். நம்ம எல்லாருக்கும் போட்டாங்க. அவங்க டிபனத் திறக்கவே இல்ல. இதைச் சொன்னா அவங்களுக்குச் சோறு எறங்காதாம். அதனாலதான் அவர் தன் கதையாச் சொல்லிக்கிறார்."

"அதுக்குப் பொய் சொல்ல விடணுமா? அங்க எல்லார் முன்னாடியும் அவர மடக்கினதே நீதானேய்யா?"

"ஆமா சார். நான்தான்."

ஆபீஸர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் ரெண்டாந்தரம் குழம்பு வாங்கினேன்" என்றார்.

பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க வீட்டுல கேட்டா டைப்பிஸ்ட் தப்புன்னு சொல்லிடுவேன்" என்றார்.

"சொல்லுங்க சார்."

இரண்டு மாதம் கழித்து, திருநெல்வேலியிலிருந்து எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்தவனைக் கூட்டிக்கொண்டு அதே படகில் போனேன். எம்.ஏ. படித்தவன், என்னைவிடப் பெரிய வாய். படகுக்காரர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி தலையை ஆட்டினார். முதலைத் தடம், வேர், இறால் வலை எல்லாம் ஆனது. பங்கருக்கு ஏறினோம். பாபி குடத்தோடு வரவில்லை. அதைப் படகுக்காரரே தூக்கி வந்தார்.

"பத்துப் பத்துப் பேரா வரிசை. என் நம்பர் ஏழு" என்று ஆரம்பித்தவர், நடுவில் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கூரையிலிருந்த வௌவால்களைப் பார்த்தேன்.

பழையபடி மழையோடு, எட்டு இல்லாத வரிசையோடு கதையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது இப்போது அவருக்கும் தெரியும். சொல்லவில்லை.

புதியவன் புருவத்தைச் சுருக்கினான். "ஏங்க, உங்க பேச்சு அப்படியே ராம்நாடு பேச்சா இருக்கே? ஜப்பான் டைம்லயே இங்க..."

அவன் கால் மேல் ஏறி நின்றேன்.

"ஆமாடா, சின்னப் பையனா இருந்தாரு. அந்த ஓட்டை வழியாப் பாரு, கப்பல் போகுது" என்றேன்.

அவன் காலைத் தடவிக்கொண்டே குனிந்தான். நானும் குனிந்து பார்த்தேன். கப்பல் எதுவும் இல்லை. கீழே எங்கள் படகு கட்டியிருந்தது. பின்பக்கத்தில் பாபி டிபனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் முள்ளை எடுத்துக் காடியில் போட்டார், விரலை நக்கினார், அடுத்த வாய்க்குப் பிசைந்தார்.