மண்ணில்லாச் செடிகளும் அத்தையின் முழங்காலும்

அத்தை அந்தக் கண் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. நான்கு மாடிப் படிகளையும் தினம் இரண்டு முறை துடைத்ததில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. போன வருடம் மேலாளர் அம்மா இரக்கப்பட்டு, காத்திருப்புக் கூடத்துச் சுவரில் இருந்த காற்றுச் செடிகளை அத்தையிடம் ஒப்படைத்தார். கூடத்தைத் துடைப்பது, செடிகளைப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். படி வேலை இன்னொருவருக்குப் போனது.

மரப்பலகையில் கம்பியால் கட்டிய நாற்பது செடிகள். மண் கிடையாது, தொட்டி கிடையாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இலையாலேயே குடித்து வாழ்பவை.

"மண்ணும் வேணாம், மாமியாரும் வேணாம். குடுத்து வச்ச பிறவிங்க," என்பாள் அத்தை. காவலாளி அண்ணன் அவளுக்குக் 'காத்துக்குத் தண்ணி ஊத்துறவங்க' என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

உண்மையில் அவள் அதிகம் ஊற்றவில்லை. எங்கள் ஊர்க் காற்றில் துவைத்த துணி காயவே இரண்டு நாள் ஆகும். வாரம் ஒருமுறை, காலையில், கையை நனைத்துத் தெளித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பாள். மழை நாளில் அதுவும் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. செடிகள் நன்றாகத்தான் இருந்தன.

கோடையின் கடைசியில் சில இலைகளின் நுனி பழுப்பானது. அத்தைக்குத் தூக்கம் போயிற்று. செடி போனால் திரும்பப் படிக்கட்டுதான்.

"படிச்ச பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு நான் ஏன் ஊரெல்லாம் கேக்கணும்? அந்த போன்ல பாத்துச் சொல்லுடி."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாக அத்தை வீட்டில் தங்கி வேலை தேடுகிறேன். "இன்டர்வியூ என்னாச்சு?" என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதனால் ஆசையாகத் தேடினேன். நுனி பழுப்பானால் தாகம், வாரம் இருமுறை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள் என்று போட்டிருந்தது. டீச்சர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அத்தை ஒவ்வொரு செடியாக அவிழ்த்து, வாளியில் ஊறவைத்து, ஈரத்தோடு திரும்பக் கட்டினாள். சாரல் அடிப்பதால் ஜன்னல் சாத்தியே கிடந்தது.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கூடத்தில் யாரும் இல்லை. முதல் செடியை அவிழ்த்தாள். நடுக்குருத்து கொத்தாகக் கையோடு வந்தது. அடி கறுத்துக் கொழகொழத்திருந்தது.

"வெளிய பாக்க நல்லாத்தானேடி இருக்கு."

அடுத்ததும் அப்படியே.

போனை எடுத்து அதே பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தேன். ஈரக்காற்று உள்ள ஊர்களில் ஊறவைக்கத் தேவையில்லை. நனைந்தால் தலைகீழாக உதறி நான்கு மணி நேரத்துக்குள் காயவிடுங்கள். குருத்து அழுகினால் காப்பாற்ற முடியாது. அரைக்கிணறு தாண்டிய கதைதான். எனக்குப் பிடித்த பதில் வந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கல்லூரியிலும் இப்படித்தான் படித்தேனா?

"என்ன போட்டிருக்கு?"

"காய வைக்கணுமாம் அத்தை."

"இப்ப வச்சா?"

நான் அடுத்த செடியை அவிழ்க்கத் தொடங்கினேன். அத்தை நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளில் நாற்பதையும் தலைகீழாக அடுக்கி, மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டாள். மாலைவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது உதிர்ந்தது. ஆறு மிஞ்சின.

மறுநாளும் கூடவே போனேன். மேலாளர் அம்மா பலகை முன்னால் நின்றார்.

"யாரும்மா ஊறவைக்கச் சொன்னது?"

"நானாத்தான் மேடம். வாடுதேன்னு."

"நான்தான் சொன்னேன் மேடம்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இங்க வேலை பாக்குறியாம்மா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் உன்னைக் கேட்டு நான் என்ன பண்ண?" குரலில் கோபம் இல்லை. "மேல கேட்டாச்சு. சுவரை வெளி ஆளுக்கு விடுறாங்களாம். என் கையில எதுவும் இல்ல."

மதியம் அத்தை நான்காம் மாடியில் இருந்தாள். குனிய முடியாததால் படியில் உட்கார்ந்து துடைத்தாள். துடைத்துவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குடு அத்தை, நான் பாக்குறேன்."

"வெளி ஆளு தொட்டா அதுக்கும் கேப்பாங்க. ஈரம், மிதிக்காத. ஓரமா நில்லு."

ஓரமாக நின்றேன். அவளுக்குக் கீழே இன்னும் மூன்று மாடி இருந்தது.