தென்காசிப் பொட்டலில் இறங்கிய விமானத்துக்குச் சாப்பாடு

காலை 10.20. சன்னலுக்குக் கீழே முதலில் தெரிந்தது ஓர் ஆட்டுக்கிடை. அடுத்து, ஆடுகளை விரட்டிக்கொண்டு ஓடிய இருவர். அவர்கள் ஒதுங்கும்வரை ஒரு வட்டம் சுற்றிவிட்டு விமானி இறக்கினார். தென்காசிக்குக் கிழக்கே இரண்டு மைலில் உள்ள பொட்டல் அது.

விமானத்தில் நாங்கள் மூவர். விமானம் மதுரைப் பஞ்சாலை முதலாளி ஒருவருடைய சொந்த விமானம். அவர், அதை ஓட்டும் திருச்சிக்கார விமானி, முதலாளியின் புது ஆலையைப் பற்றி எழுதப் போன பத்திரிகைக்காரனான நான். மதுரையிலிருந்து கிளம்பிய எங்களுக்குக் காலைப் பலகாரம் திருவனந்தபுரத்தில் ஏற்பாடாகியிருந்தது. செங்கோட்டைக் கணவாயை ஆனி மாத மேகம் அடைத்துவிட்டதால் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினோம். முதலாளி நீரிழிவுக்காரர், விடிந்ததும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். ஊசிக்குப் பிறகு சாப்பாடு தள்ளினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, உடம்பு நடுங்கி நினைவு தப்பும். ஆகாயத்திலேயே அவருக்கு வேர்க்கத் தொடங்கியது. கையிலிருந்த பிஸ்கட் எல்லாம் அப்போதே தீர்ந்தது, அதனால்தான் மதுரைவரை போகாமல் இந்தப் பொட்டலில் இறங்கினோம்.

கிடைக்காரர் ஒருவர் சொம்பில் ஆட்டுப்பால் கொண்டுவந்தார். அதைக் குடித்த பிறகு முதலாளி தெளிவாகப் பேசினார்.

"கணவாய் வெளுத்ததும் கிளம்பணும்" என்றார்.

"கிளம்பலாம். ஆனா சாப்பாடும், அவசரத்துக்கு வாயில போடக் கொஞ்சம் சர்க்கரையும் உள்ளே இல்லாம நான் என்ஜினைத் தொட மாட்டேன்" என்றார் விமானி. வாங்கிவரும் வேலை எனக்கு வந்தது.

11.05. வேடிக்கை பார்க்க வந்த ஓர் ஆஸ்டின் டாக்சியைப் பிடித்தேன். வாடகை ஆறு ரூபாய். தென்காசியில் நிறுத்த வேண்டாம் என்றார் டிரைவர். "இந்நேரம் இங்கன பலகாரம் முடிஞ்சிருக்கும், சாப்பாடு பன்னெண்டுக்குத்தான். குத்தாலம்னா சீசன்ல அடுப்பு அணையாது. குளிச்சிட்டு வாரவன் பசி மணி பாக்குமா?"

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் சாலையில் ஈரத்துண்டுடன் கூட்டம் நின்ற ஓர் ஓட்டலுக்குள் போனேன். கல்லாவில் இருந்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏரோப்ளேனுக்கா? எத்தனை பேரு?"

"மூன்று பேர். ஒருவர் நீரிழிவுக்காரர்."

அவரே எழுந்து அடுப்படிக்குப் போனார். அரிசி வேண்டாமென்று கோதுமைத் தோசை வார்க்கச் சொன்னார். தேங்காய்ச் சட்னி வழியில் கெட்டுவிடும் என்று பருப்புத் துவையல். மூன்று பொட்டலத்தையும் ஒரே துணியில் கட்டி, நடுவில் ஒரு துண்டு அடுப்புக்கரி வைத்தார்.

"கரி எதற்கு?"

"வெளியூர் போற சோத்துக்கு வைக்கதுதான். நீங்க மேலயில்லா போறீங்க. அங்கன என்னென்ன திரியுதோ."

சர்க்கரை கேட்டதும் அவர் கை நின்றது.

"சீனியா? அந்தச் சீக்குக்காரருக்கா? எங்க அப்பா அதுலதான் போனாரு."

"மயக்கம் வந்தால் கொடுக்க" என்றேன்.

"மயங்குதவருக்குச் சீனியக் குடுத்து முழுசா முடிச்சிரலாம்னு பாக்கீங்களோ? படிச்சவரு பேசுத பேச்சா இது."

"சரி, கருப்பட்டி வெளியே வாங்கிக்கொள்கிறேன்."

"கருப்பட்டி என்ன, உப்பா?" சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

பணம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கூப்பிட்டார். கொக்கியில் தொங்கிய மலைவாழைத் தாரிலிருந்து நன்றாகக் கனிந்த ஒரு சீப்பை அறுத்துக் கொடுத்தார்.

"வெறும் பொட்டலத்தோட அனுப்புனா நல்லாருக்காது. இதை அவருக்குக் குடுங்க. பழம் ஒண்ணும் செய்யாது."

சீப்பை வாங்கிக்கொண்டு, கருப்பட்டிக் கடையைத் தேடாமல் டாக்சியில் ஏறினேன்.

12.40. பொட்டலுக்குத் திரும்பியபோது, கணவாய் இருக்கும் புளியறைப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. விமானி மூட்டையை அவிழ்த்து, கரியை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வைத்தார்.

"சர்க்கரை?"

பழத்தைக் காட்டினேன். போதும் என்று தலையசைத்தார். முதலாளி தோசையில் ஒரு துண்டு கிள்ளினார். "மேலே போய்ச் சாப்பிடலாம், கணவாய் மறுபடி மூடிக்கும்" என்றார்.

12.55. கணவாய்க்கு மேலே விமானம் தூக்கிப் போட்டது. முதலாளியின் சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. தோசையை எடுத்தவர் கை நடுங்கிக் கீழே விட்டார். என்ன ஊர் தாண்டுகிறோம் என்று கேட்டேன், பதில் குழறியது. பழத்தை உரித்து வாயருகே பிடித்தேன். முதல் இரண்டை நான்தான் ஊட்டினேன். மூன்றாவதை அவரே வாங்கிக்கொண்டார். நான்காவது முடிந்ததும், கீழே தெரிவது புனலூர்ப் பாலம் என்றார். சரிதான்.

தோலைப் போட உள்ளே இடமில்லை. திருவனந்தபுரம் வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.