விளக்கீட்டன்று வழித்த ஒழுங்கை

புலம்பெயர்ந்து வந்த பனிநாட்டில், பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரின் மேற்கு ஓரத்தில், ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு சரளைக்கல் ஒழுங்கையின் கடைசி வீட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், மனிதர் அமர்வதற்கு ஏற்ற இடம் இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அது எங்கள் சின்ன மாமா ஓட்டிய உழவு இயந்திரத்தில், அவருடைய மடிக்கும் சுக்கானுக்கும் இடைப்பட்ட சிறு வெளியாகும். அந்த இடத்தில் என் தம்பி அமர்ந்திருந்தான்.

நகரசபையின் பனி அகற்றும் இயந்திரம் பெருந்தெருவோடு நின்றுவிடும். ஒழுங்கை அங்குள்ள சில வீட்டாரின் சொந்தப் பொறுப்பு. முதலாவது வீட்டில் இருந்த பிரெஞ்சுக் கிழவர், பின்புறம் இரும்பு அலகு பூட்டிய பழைய உழவு இயந்திரம் ஒன்றால் பல காலம் ஒழுங்கையைத் தாமே துப்புரவு செய்து வந்தார். முழங்கால்கள் அவரைக் கைவிட்டபோது, இயந்திரத்தின் திறப்பை எங்கள் மாமாவிடம் ஒப்படைத்தார். அம்மாவின் தம்பியாகிய மாமா எங்களோடுதான் இருந்தார். அயலூரான புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. பனி பெய்த காலைகளில் வேலைக்குப் புறப்படுமுன் இயந்திரத்தை முடுக்குவார். நான் அந்நேரம் பாடசாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பேன். பாடசாலை செல்லும் வயதை எட்டாத தம்பியோ, மாமாவின் மடியிலிருந்து எனக்குக் கையசைத்தபடி என்னைக் கடந்து போவான்.

நான் கேட்காமல் இருந்ததில்லை. கேட்கும்போதெல்லாம் மாமா, "பேந்து பாப்பம்" என்பார். அந்தப் பேந்து எந்நாளும் வந்ததில்லை.

தம்பி அவ்வளவோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அவன் உணவு மேசைக்கும் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தான். விரல்களை அலகாக மடித்துச் சோற்றை இரு கரைக்கும் தள்ளி, நடுவில் ஒழுங்கை திறப்பான். அடியில் மட்டும் மெல்லிய படையாகச் சோற்றை விட்டுவைப்பான்.

"அதையும் தள்ளன்" என்றேன் ஒருநாள்.

"தள்ளக் கூடாது. கீழை கல்லுகள் நித்திரை. எழுப்பினால் ஓடிப்போயிடுமாம். மாமா சொன்னவர்."

மாமா சிரித்தார். அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மேசையில் இன்னொருவரும் சிரிக்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது அப்பா.

அப்பா கழுத்துப்பட்டி அணிந்து, தொடருந்தில் நகர நடுவிலுள்ள அலுவலகம் ஒன்றுக்குப் போய்வந்தார். வீடு அவருடையது. ஆயினும் ஒழுங்கையில் அவரை அறிந்தோர் அரிது. கிழவரின் மனைவி மாதமொரு முறை ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவருவார். கதவைத் திறப்பவர் அப்பாவாக இருந்தால், "பொன்ஜூர்" என்று முறைப்படி கூறிவிட்டு, அவருடைய தோளுக்கு மேலாக எட்டி மாமாவைத் தேடுவார். அப்பா அந்தத் தட்டை இரு கைகளாலும் வாங்கி உள்ளே கொண்டுவந்து வைப்பார். அதில் ஒரு துண்டைக்கூட அவர் உண்டதாக எனக்கு நினைவில்லை. இனிப்பு அவருக்கு ஆகாது என்றே எண்ணியிருந்தேன்.

அந்த ஆண்டு கார்த்திகை விளக்கீடு ஒரு சனிக்கிழமையில் வந்தது. நகரின் மறுபக்கத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து உறவினர் மாலையில் வருவதாக இருந்தது. பருவத்தின் முதற்பனி அன்று காலையில்தான் விழுந்திருந்தது. நிலம் இன்னும் உறையவில்லை. மாமாவுக்கோ சனிக்கிழமையும் வேலை. சாளரத்தின் ஊடாக ஒழுங்கையை நோக்கி நின்ற அப்பா திரும்பி அம்மாவிடம் கேட்டார்.

"நாலு சனம் வாற நாளிலை வாசல் இப்பிடியே கிடக்கிறது?"

"என்ரை தம்பி வேலையாலை வந்து பாப்பான். நிலம் இறுகுமட்டும் கை வைக்க வேண்டாமெண்டுதான் சொன்னவன்."

"நிலம் இறுகிறதுக்கும் வாசல் கூட்டுறதுக்கும் என்ன? அவன் தள்ளினாலும் அரைவாசி அப்பிடியேதானே கிடக்கும். விளக்கு வைக்கிற இடத்திலை மண் தெரிய வேணும். நான் ஓடாத ட்ரக்டரே?"

மாமாவின் மேலங்கிக் கொளுவியில் தொங்கிய திறப்பை அப்பா எடுத்தார். கதவடியில் நின்று என்னைப் பார்த்து, "பிள்ளை, வாறியே?" என்றார்.

அவ்வேளை என் உள்ளத்தில் எழுந்த பெருமிதத்தை எழுத என்னிடம் சொற்கள் இல்லை. தம்பிக்குத் தடிமனும் இருமலும், வெளியே விடமாட்டார்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய இடத்தில் நான் ஏறி அமர்ந்தேன்.

முதல் தடவை மேலும் கீழும் ஓடியபோது, மாமா விடுவதைப் போலவே வெண்படை ஒன்று எஞ்சியது. அப்பா இறங்கி நின்று அதனைப் பார்த்தார். பின்னர் ஏறி, நெம்புகோலைத் தள்ளி அலகை அடிமட்டும் இறக்கினார். இயந்திரம் முனகியது. அலகு கற்களைப் பிடித்து இழுத்த ஓசை என் பற்களில் கேட்டது. கரைகளில் குவிந்த பனி கபில நிறம் கொண்டது. கற்கள் தெறித்து அயலாரின் புற்றரைகளில் பாய்ந்தன. எங்களுக்குப் பின்னால், ஈர்க்குமாற்றால் கூட்டிய முற்றம் போல, கோடு கோடாக ஈரமண் தெரிந்தது. அதன் அழகில் நாங்கள் இருவரும் மயங்கிப்போனோம்.

வீட்டைக் கடக்கும்போது மேலே பார்த்தேன். தம்பி சாளரக் கண்ணாடியில் இரு உள்ளங்கைகளாலும் அறைந்துகொண்டிருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது, கண்ணீர் ஒழுகியது. இயந்திரத்தின் இரைச்சலில் அவன் கத்துவது ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பொறாமையின் முகம் எப்படியிருக்கும் என்பதை நன்கறிந்தவள் நான். பேருந்துக்குக் காத்து நிற்கும் என்னை நோக்கி அவன் அசைக்கும் அதே விதமாகக் கையை மெதுவாக அசைத்துக்கொண்டு போனேன்.

மாலையில் ஒழுங்கையின் இரு கரையிலும் விளக்குகள் ஏற்றினோம். "எங்கட ஊர் வாசல் மாதிரியெல்லோ கிடக்கு" என்று வந்தவர்கள் வியந்தார்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டியபடி அவர்கள் நடுவே நின்றார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நின்றதை நான் முன்னர் கண்டதில்லை.

பேருந்திலிருந்து இறங்கி வந்த மாமா, ஒழுங்கையின் தலைப்பில் நின்றார். சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறினார். கரையிலிருந்த பனிக்குள் கையை விட்டு, ஒரு பிடி கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

"ஆர் வழிச்சது?"

"அப்பாவும் நானும்" என்றேன்.

மாமா விருந்தினரைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் கிடக்கு, அத்தான்" என்று கூறி, காற்றில் அணைந்துபோன விளக்கு ஒன்றைக் குனிந்து ஏற்றினார்.

மறுநாள் மழை பெய்தது. கல் இல்லாத ஒழுங்கை சேறாகியது. ஆராதனைக்குப் புறப்பட்ட கிழவரின் கார் அச்சுவரை புதைந்தது. புற்றரை முழுவதும் சரளை. கிழவர் தடியூன்றி வந்து எங்கள் கதவைத் தட்டியபோது மாமா திறந்தார். அப்பா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றார். அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. மாமா களஞ்சியத்தில் பழகிக்கொண்டார், நான் பாடசாலையில்.

கிழவர் கேட்டார். மாமா சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கியது. "நான்தான் செய்தேன். விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில் அலகைத் தாழ இறக்கிவிட்டேன். இளவேனிலில் எல்லாக் கல்லையும் பொறுக்கித் தருகிறேன்."

என் உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. மடியில் இடம் தரவில்லை, போகட்டும். அப்பாவும் நானும் வழித்த ஒழுங்கையையும் தன்னுடையது என்கிறாரே. நான் திரைக்குப் பின்னால் ஓடினேன்.

"அப்பா, தான்தான் வழிச்சதெண்டு மாமா சொல்லுறார். பொய். நாங்கள்தானே."

அப்பாவின் முகம் ஈரமண்ணின் நிறமாகியது. எனக்காக அவர் சினம் கொள்கிறார் என்று மகிழ்ந்தேன். ஆனால் அவர் திரையை விலக்கவில்லை.

"சும்மா இரு, பிள்ளை" என்றார்.

வாசலில் கிழவர் கையை நீட்டினார். மாமா சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்து அதில் வைத்தார்.

அதன்பின் அந்த இருக்கையில் எங்களில் எவரும் அமரவில்லை. மீதிக் குளிர்காலம் முழுவதும் கிழவரின் மருமகன் ஒருவர் வந்து ஒழுங்கையைத் துப்புரவு செய்தார். வீட்டில் அப்பாவும் மாமாவும் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையுடன் உப்பையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் மாமா பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறை எடுத்துப் போனார். மெட்ரோ அருகில் இருக்கிறதாம். அங்கிருந்து அவர் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் இன்னும் தொலைவு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி மட்டும் சில நாள் சோற்றைத் தள்ளாமல் அப்படியே உண்டான்.

பனி கரைந்ததும், கல் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாமா தொலைபேசியில் அறிவித்தார். அதற்கு முந்திய நாளே அப்பா குப்பைவாரியுடன் கிழவரின் புற்றரையில் இறங்கினார். வாளியைத் தூக்கும்படி என்னையும் அழைத்தார்.

"மாமாதானே தான் செய்ததெண்டு சொன்னவர். அவரே வந்து பொறுக்கட்டும்" என்றேன்.

அப்பா நிமிரவில்லை. "எங்கட கல்லு. பொறுக்கு" என்றார்.

நண்பகலளவில் கிழவரும் மனைவியும் படிக்கட்டுக்கு வந்தார்கள். அம்மூதாட்டி வழக்கம் போல் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மாமா எங்கே என்று வினவினார். அப்பா வாரியைப் புல்லில் கிடத்தினார். ஒழுங்கையைக் காட்டினார், புற்றரையைக் காட்டினார், பின்னர் தம் நெஞ்சில் கை வைத்து, தமக்குத் தெரிந்த சொற்பப் பிரெஞ்சில், "சே மவா" என்றார். நான்தான்.

என் நெஞ்சு நிறைந்தது. எங்கள் ஒழுங்கையை அப்பா இறுதியில் மாமாவிடமிருந்து மீட்டுவிட்டார். நானும் வாளியைக் கீழே வைத்து, அவர் அருகில் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "நானும்தான்" என்று தெளிவான பிரெஞ்சில் உரக்கக் கூறினேன்.

எவரும் கைதட்டவில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை என் தலையில் வந்து தங்கியது. அது ஏன் அங்கிருந்து எழவே இல்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நெடுநேரம் கல் பொறுக்கிய களைப்பு என்றே எண்ணிக்கொண்டேன்.