ஸைனுலாப்தீன் காக்கா எண்ணிய லொறிகள்

கல்முனையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் வெள்ளாமை முதலீட்டு முகாமை நிறுவனம். வேலை செய்பவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும்தான் முதலாளிமார். வெளியாள் ஒருவருக்கும் பங்கு கிடையாது. படிக்கட்டில் நின்று யாராவது "முதலாளி!" என்று கூப்பிட்டால் பதினொரு தலையும் திரும்பும். மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதற்குக்கூடக் கூட்டம் வைக்க வேண்டும். வைத்தும் இருக்கிறோம். அந்தப் பிரேரணை தோற்றுப் போனது.

நான்கு பேராய்த் தொடங்கியபோது ஊராரின் சேமிப்பை வாங்கி வயலிலும் தோணியிலும் போட்டு, வருகிற இலாபத்தைப் பங்கிட்டுக் கொடுத்தோம். கண்ணால் காணாத எதிலும் ஒரு சதமும் போடக் கூடாது என்பது அன்றைக்கு வைத்த சட்டம். போய்ப் பார்க்கும் வேலை, எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஸைனுலாப்தீன் காக்காவுக்கு. அந்த மனிதர் பார்ப்பது லேசான பார்வை இல்லை. மாடு வாங்கப் போனால் மாட்டை விட்டுவிட்டு அது தின்னும் வைக்கோலை முகர்ந்து பார்ப்பார். இறக்காமத்தில் வயல் பார்க்கப் போனவரை யானை மரத்தில் ஏற்றிவிட்டது. இரண்டு மணித்தியாலம் மேலே இருந்துவிட்டு வந்து அவர் எழுதிய அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது: "விளைச்சல் நல்லம். யானைக்கும் அதே அபிப்பிராயம்."

இருபத்திரண்டு வருடத்தில் காசு பெருகியது. மருதமுனைத் தறி, நிந்தவூர்க் கோழிப்பண்ணை என்று போய், கடைசியில் கொழும்புப் பங்குச் சந்தை வரைக்கும் வந்துவிட்டோம். கணக்குப் பார்க்கும் அஸ்பியா, ஒரு பிஸ்கட் கம்பனியின் பங்குகளை வாங்கலாம் என்றாள்.

"கண்டாத்தான் வாங்கலாம்," என்று சொல்லிவிட்டுக் காக்கா கொழும்புக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பிஸ்கட் தொழிற்சாலையின் காவலாளி உள்ளே விடவில்லை. தான் இந்தக் கம்பனியில் பங்கு வாங்கப் போகிறவர் என்று காக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினார். வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்த காவலாளி, வயது கூடிவிட்டது என்று மிகுந்த அனுதாபத்தோடு திருப்பி அனுப்பினான். காக்கா விடுவாரா? மதிலோடு சுற்றிப் போனதில் இன்னொரு கேற் தெரிந்தது. அதற்கு எதிரே குடையை விரித்துக்கொண்டு, அதே கம்பனியின் பிஸ்கட்டைத் தின்றபடி மூன்று நாள் குந்தியிருந்தார். வெளியே வந்த லொறிகளின் இலக்கங்களையெல்லாம் கொப்பியில் எழுதினார். மூன்று நாளைக்கும் சேர்த்து நான்கு லொறி.

"பிஸ்கட் ருசிதான். ஆனா ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல," என்றார் வந்து.

நாங்களும் பங்கு வாங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அதன் விலை இரண்டு மடங்கானது. எனக்கு வயிறு எரிந்தது. பங்கு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும் என்று ஆளையாள் தேற்றிக்கொண்டோம்.

போன மாசி மாதம் நிந்தவூர்ப் பண்ணையைப் பார்க்கப் போனவர் முகம் செத்துப் போய்த் திரும்பி வந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பண்ணைக்கு ஒரு லொறி வந்து நிண்டிச்சி. கொழும்பில நான் எழுதின இலக்கம். உள்ளுக்க என்ன தெரியுமா? உடைஞ்ச பிஸ்கட். கோழிக்குத் தீன்." கொப்பியை மேசையில் வைத்தார். "மூண்டு நாளும் நான் குந்தியிருந்தது கழிவு போற கேற்றுக்கு முன்னால. நல்ல பிஸ்கட் மற்றப் பக்கத்தால போயிருக்கு."

எங்கள் முகாமையாளர் பர்ஸான் சிரிப்பை அடக்க முடியாமல், விழாத பேனையைத் தேடி மேசைக்குக் கீழே போனான். அஸ்பியா சிரிக்கவில்லை. பார்வையிடும் பதவியையே நீக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்குப் பிரேரணை எழுதினாள்.

எங்கள் சட்டப்படி வேலையை விடுகிறவர் பங்கையும் நிறுவனத்துக்கே விற்றுவிட வேண்டும். அதற்குரிய காசு கிடைக்கும்தான். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் காக்கா ஊழியரும் இல்லை, முதலாளியும் இல்லை என்றாகிவிடும். மனிதர் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று அவருடைய மனைவி சபூறா எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். கவலையாக இருந்தது. அந்த இரண்டு மடங்கை நினைத்தால் கோபமும் வந்தது.

கடுதாசித் துண்டில் இரகசிய வாக்கெடுப்பு. துண்டுகளைப் போட ஒரு வெறும் பிஸ்கட் தகர ரின்தான் கிடைத்தது. பர்ஸான் எண்ணினான். பதவி இருக்க வேண்டும் என்று பத்து. நீக்க வேண்டும் என்று ஒன்று.

எல்லோரும் அஸ்பியாவைப் பார்த்தோம்.

"நான் இல்ல," என்றாள்.

"நான்தான்," என்றார் காக்கா. கோபத்தோடு எழுந்து நின்றார். "நானும் முதலாளிதானே. இவ்வளவு நட்டம் வெச்ச ஆளை எந்த முதலாளி வேலைக்கு வெச்சிருப்பான்? நீங்க பத்துப் பேரும் ஒழுங்கா யோசிக்கல்ல. திருப்பிப் போடுங்க வாக்கை!"

"இரிங்க காக்கா," என்றாள் அஸ்பியா. "பிரேரணைய எழுதின பிறகுதான் நானும் யோசிச்ச. அந்த லொறிய நீங்க மட்டும்தான் கண்ட. எங்கக்கிட்ட வந்து செல்லாம விட்டிருந்தா, மௌத்தாகி மண்ணுக்குப் போகு மட்டும் எங்களுக்குத் தெரிய வந்திருக்காது."

காக்கா உட்கார்ந்தார். பிறகு எல்லோருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

ரின் என் கைக்கு வரும்வரை, அவரை அனுப்பிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.