மூக்கின் குறுக்கே முதல் மடிப்பு

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையோரப் பால்வாடியில் வேலை பார்க்கும் ஜெஸிமா டீச்சர் பத்து வருடமாக ஒரு பகையை வளர்த்து வருகிறார்.

மகள் நஜ்மாவுக்கு அப்போது நாலு வயது. எல்கேஜியில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துப் போனார். எழுதச் சொல்லிப் பென்சில் கொடுத்தார்கள். விரலில் நிற்காமல் நழுவியது. தாளாளர் தேவேந்திரன் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்.

“விரல்ல வலுவே இல்லம்மா. யாரோ இன்னாவோ வெச்சிருக்காங்க. மந்திரிச்சி கயிறு கட்டிட்டு, அடுத்த வருஷம் வா.”

நாலு வயதுக்குப் பரீட்சை வைப்பது அநியாயம். அதில் தோற்ற பிள்ளைக்குச் செய்வினை என்பது அயோக்கியத்தனம். ஜெஸிமா கயிறு கட்டவில்லை. அந்தப் பள்ளியின் நோட்டீஸ் வீட்டு வாசலில் கிடந்தது. தடித்த, வழவழப்பான தாள். நடுவில் தேவேந்திரனின் சிரித்த முகம். அதை மகள் கையில் கொடுத்தார்.

“முனையோட முனைய சேரு. கட்டைவெரல் நகத்தால நீவு.”

முதல் மடிப்பு தாளாளரின் மூக்கின் குறுக்கே விழுந்தது. தடித்த தாள் லேசில் மடங்காது. விரலுக்கு வேண்டிய வேலையும் அதுதான். மூன்றே மாதத்தில் நஜ்மா தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள். பிறகு பென்சிலும் விரலில் நின்றது. அரசுப் பள்ளியில் சேர்ந்தாள்.

பகை மட்டும் தீரவில்லை. கோடைதோறும் வீடுவீடாக விழும் அந்தப் பள்ளி நோட்டீஸ்களை ஜெஸிமா பொறுக்கி வந்துவிடுவார். பால்வாடிப் பிள்ளைகள் அவற்றைக் கத்திக் கப்பலாக்கி மழைத் தண்ணீரில் விடுவார்கள். முகம் அடியில் நனையும்படி மடிக்கப் பழக்கியிருந்தார்.

போன ஜூனில் தேவேந்திரனே பேத்தி மணிமொழியோடு வந்து நின்றார்.

“செல்போன தேய்ச்சி தேய்ச்சி ஸ்பூன்கூட புடிக்க வரலை டீச்சர். டாக்டர் விரலுக்கு வேல குடுக்க சொன்னாரு. உங்ககிட்ட உட்டா சரியாவும்னாங்க.”

“விரல்ல வலுவே இல்லியா சார்? யாரோ இன்னாவோ வெச்சிருப்பாங்க. மந்திரிச்சீங்களா?”

அவர் சிரித்தார். நினைவே இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் ஜெஸிமாவால் தாங்க முடியவில்லை.

“எம் பொண்ணு நஜ்மாவுக்கு நீங்க சொன்ன வார்த்த சார் இது.”

சிரிப்பு நின்றது. “பழச போயி இன்னாத்துக்கு டீச்சர்...”

“கொழந்த மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சேத்துக்கிறேன். நீங்க போவாதீங்க, குந்தி பாருங்க.”

தேவேந்திரன் பாயில் உட்கார்ந்தார். ஜெஸிமா இந்த வருட நோட்டீஸை எடுத்துக் குழந்தை முன் விரித்தார்.

“தாத்தா!” என்றாள் மணிமொழி.

“தாத்தாவேதான் கண்ணு. முனையோட முனைய சேரு.”

கோணலாகச் சேர்ந்தது.

“இப்ப நகத்தால நீவு. அழுத்தி. இன்னும் அழுத்தி.”