காசிமின் மோதிர விரல்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. இருபது வருஷமாக எழுதுகிறேன் — இப்படி ஒரு பாராட்டு வந்ததே இல்லை. படித்து முடித்தபோது கையிலிருந்த காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

விஷயத்துக்கு வருமுன் ஒரு சின்ன விளம்பரம். வேறொரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று வந்து சமீபத்தில்தான் முடிந்தது. மும்பையைத் தகர்க்கத் திட்டம் போடும் பயங்கரவாதக் கும்பலை, மேஜர் கிருபாகரன் என்கிற நம் உளவாளி கடைசி நிமிடத்தில் தடுத்து நிறுத்துகிறார். கதை அவ்வளவுதான்.

வாசகர் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. செம்பூரிலிருந்து ஒருவர், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேஜர் பன்னிரண்டே நிமிடத்தில் ஏர்போர்ட் போனாராமே... அந்த ரூட்டை எனக்கும் சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். மாட்டுங்காவில் ஒருவருக்கு மேஜர் டீ குடிப்பது பிடிக்கவில்லை. தமிழர்தானே, காபி குடித்தால் என்ன? இதையெல்லாம் கிங்ஸ் சர்க்கிளில் நண்பர்களிடம் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிருந்தது.

அப்போதுதான் இந்தக் கடிதம்.

எழுதியவர் சான்பாடாவில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக்கு செக்ரட்டரி. பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சுந்தரேசன் என்று வைத்துக்கொள்வோமே. முத்து முத்தான கையெழுத்து.

"உங்கள் கதை எங்கள் கண்ணைத் திறந்துவிட்டது. சென்ற வாரம் எங்கள் கட்டடத்தில் கிரவுண்ட் ஃப்ளோர் ஃபிளாட்டை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தாராவியில் தோல்பை தைக்கிறவர். மகளுக்கும் மாப்பிள்ளைக்குமாம். மரியாதையாகத்தான் பேசினார். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கையை நீட்டினார் பாருங்கள் — இடது கையில் மோதிர விரல் இல்லை! பச்சைக் கதவு போட்ட பட்டறையா என்று கேட்டேன். ஆமாம் என்று சிரிக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் காசிமேதான்! ஃபிளாட் கிடையாது என்று அனுப்பிவிட்டேன். எழுத்தாளர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?"

காசிம் யார்? என் கதையில் வெடிகுண்டை ஒளித்து வைக்கப் பை தைத்துக் கொடுப்பவன். தாராவியில் பச்சைக் கதவு போட்ட பட்டறை. குண்டு செய்யும்போது இடது கை மோதிர விரலைப் பறிகொடுத்தவன்.

சரி, இந்தக் காசிமை நான் எங்கே பிடித்தேன்?

சொல்லவே கூசுகிறது. பத்து வருஷமாக என் ஆபீஸ் பைக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பவர் இஸ்மாயில் பாய். அவர் ஜிப் மாற்றும் வரை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். கதை தத்ரூபமாக இருக்க வேண்டுமே! அவர் பட்டறைக் கதவை எடுத்துக்கொண்டேன். பசை நாற்றத்தை எடுத்துக்கொண்டேன். விரலையும் எடுத்துக்கொண்டேன். இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கே தாராவிக்கு ஓடினேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே மெஷினில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாய்க்கே எழுத்துக்கூட்டித்தான். அதனால் பக்கத்து லேபர் கேம்ப் பகுதியிலிருந்து வரும் கட்டிங் மாஸ்டர் செல்வராஜ் அண்ணன் வாரா வாரம் என் தொடரைச் சத்தமாக வாசிப்பார். சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல். மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள்.

"வாங்க சார்!" என்றார் பாய். "நம்ம மேஜர் கடைசில என்ன ஆனாரு? பத்து வாரம் கேட்டோம். அதுக்கப்புறம் புக்கே கெடைக்கலங்காவ செல்வராஜண்ணன்."

செல்வராஜ் அண்ணன் தலை நிமிரவில்லை. தோலை வெட்டிக்கொண்டிருந்தார்.

பதினோராம் வாரத்தில்தான் காசிம் வருகிறான்! அவர் முதலில் தனியாக வாசித்துப் பார்த்திருக்கிறார். புரிந்துவிட்டது. பத்திரிகையே வரவில்லை என்று வாரா வாரம் பொய் சொல்லி வந்திருக்கிறார். பாயிடம் அதை வாசித்துக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை. எழுத எனக்கு வந்தது.

"மகளுக்கு வீடு பார்த்தீங்களாமே பாய்?" என்று கேட்டேன்.

"அதக் கேக்காதிய சார். எல்லாம் பேசி முடிச்சாச்சு. டோக்கன் குடுக்கப் போனா, அந்த மனுசன் என் கையப் பாத்தாரு, மொகம் மாறிட்டு. 'பச்சக் கதவா?'ன்னாரு. நம்ம பட்டறையத் தெரிஞ்ச ஆளு போலன்னு சந்தோசமா ஆமான்னேன். டக்குன்னு எந்திச்சி, 'ஃபிளாட் நஹீ மிலேகா'ன்னு இந்தியில வெரட்டிட்டாரு. அதுவரைக்கும் தமிழ்லதான் சார் பேசிட்டு இருந்தாரு!"

மகள் சான்பாடாவில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். சயானில் ரயிலேறி குர்லாவில் மாற வேண்டும்.

"அந்தக் கூட்டத்துல வயித்தத் தூக்கிட்டு குர்லா பாலம் ஏறி எறங்குதா. அதான் வேலைக்குக் கிட்டத்துல, மாடிப்படி இல்லாத வீடாப் பாத்தேன். காலி பீலி, ஒண்ணுமில்லாமப் போச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் தெரியல சார்."

எனக்குத் தெரியுமே!

சொன்னேன். கதவு, பை, விரல் — எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "விடுங்க சார், விடுங்க..." என்று செல்வராஜ் அண்ணன் இரண்டு தடவை தடுத்துப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

பாய் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்டு போன நேரம் பிரஸ்ஸுக்குள்ள கைய விட்டேன், கரண்டு வந்துட்டு, வெரலு போயிட்டுன்னு நாந்தானே ஒங்ககிட்ட சொன்னேன்? அன்னைக்கு ஒங்களுக்குக் கண்ணு கலங்குச்சே சார்..."

கலங்கியது நிஜம். வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டதும் நிஜம்.

வெளியே வந்து, கடிதத்திலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"அடடா, நீங்களே கூப்பிட்டேளா!" சுந்தரேசனுக்கு ஒரே பரவசம்.

"சார், காசிம் நான் கட்டிவிட்ட ஆள். உங்களைப் பார்க்க வந்தவரை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். விரல் மெஷின்ல போனது. அந்த ஃபிளாட்டை அவர் பொண்ணுக்குக் கொடுங்க."

"அது வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சே. கதைன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா நெருப்பில்லாம புகையுமா? நீங்க எதையோ பார்த்திருக்கேள்."

"நான் பார்த்தது ஜிப் மாத்தறதை!"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார்... பக்கத்துல யாராவது நின்னு மிரட்டறாளா? ஆமான்னா ஒண்ணும் பேச வேண்டாம். ஒரு தடவை இருமுங்கோ, போறும்."

நம்புங்கள், சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. பட்டறையின் பசை நெடி! வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, நடுத்தெருவில் நின்றேன்.

அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. பயங்கரவாதிகளைத் தடுக்க மேஜருக்கு இருபது வாரம் போதுமாக இருந்தது. நான் கிளப்பிவிட்ட ஒரு சந்தேகத்தைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. சுந்தரேசன் கெட்டவரா? இல்லை, என் நல்ல வாசகர். நான் எழுதியதை அப்படியே நம்பியவர். அவர் கடிதம் போட்டதால் எனக்கு விஷயம் தெரிந்தது. கடிதம் போடாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டவர்கள் எத்தனை பேரோ...

கதை புத்தகமாக வரும்போது காசிம் இருக்க மாட்டான். பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மறுபடியும் பட்டறைக்குப் போனேன். நடந்ததை இந்தப் பத்தியில் எழுதலாமா என்று பாயிடம் கேட்டேன். கையிலிருந்த பையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இந்தத் தடவையாவது கேட்டியளே. எழுதுங்க. ஆனா யாரும் அடையாளம் கண்டுக்கக் கூடாது சார். மவளுக்கு இன்னும் வீடு பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

ஆகவே, இதில் எல்லாப் பேர்களையும் மாற்றியிருக்கிறேன். கதவின் நிறம் பச்சை இல்லை. அவர் இழந்ததும் விரல் இல்லை.

தயவுசெய்து, வீடு கேட்டு வருகிறவர்களின் கைவிரல்களை இனி எண்ணிப் பார்க்காதீர்கள்.